பெருவின் 'ஒளிரும் பாதை' மாவோயிஸ்டுகளுக்குப் போதைப் பணம் எப்படி வந்தது? அவர்களே கடத்தினார்களா?

பெரும்பாலும் இல்லை, கடத்தியவர்களிடம் வரிதான் வாங்கினார்கள். அயகுச்சோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த அபிமாயேல் குஸ்மான் தொடங்கிய இயக்கம், 1980 மே 17 அன்று சுஸ்சி கிராமத்தில் வாக்குப்பெட்டிகளை எரித்து ஆயுதப் போரில் இறங்கியது. கொக்கெயினுக்கு மூலமான கொக்கா இலையின் பணம் அப்போது கையில் இல்லை.

பணம் வந்தது, கொக்கா விளைந்த மேல் ஹுவாயாகா ஆற்றுப் பள்ளத்தாக்கில். கொக்கா செடியில் ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை இலை பறிக்கலாம். வேறு எந்தப் பயிரும் அந்த வருமானம் தரவில்லை. அமெரிக்க உதவியோடு அரசு செடிகளைப் பிடுங்கியபோது, விவசாயிகளுக்கு ஒரு காவலன் தேவைப்பட்டான். இயக்கம் அந்த இடத்தில் புகுந்தது. வியாபாரிகள் இலைக்குக் குறைந்த விலை கொடுக்காமல் தடுத்தது. இலையிலிருந்து எடுத்த பசைக்கூழை ஏற்றிச்செல்ல வந்த கொலம்பியக் கடத்தல்காரர்களின் விமானங்களிடம், ஒவ்வொரு முறை தரையிறங்கவும் ஆயிரக்கணக்கான டாலர் வசூலித்தது. மறுத்தவர்களைக் கொன்றது. இந்தப் 'பாதுகாப்பு' விவசாயிக்கும் இலவசமல்ல, அவரும் பங்கு கொடுத்தார், சில வேளை பிள்ளைகளையும் இயக்கத்துக்குக் கொடுத்தார்.

1989இல் அங்கே ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் அல்பெர்த்தோ அர்சினியேகா விவசாயிகளைத் தொடாமல் கிளர்ச்சியாளர்களை மட்டும் குறிவைத்தார். பள்ளத்தாக்கில் இயக்கம் பலமிழந்தது. ஆனால் கடத்தலைக் கண்டுகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு அவர்மேல் விழுந்தது. அந்தச் சிக்கலுக்கு எளிய விடை கிடையாது.

1992 செப்டம்பரில் குஸ்மான் லிமாவில் பிடிபட்டார். மிச்சமிருந்த குழுக்களில் ஹுவாயாகா பிரிவு 2012இல் அதன் தலைவர் 'அர்தேமியோ' கைதானதோடு முடிந்தது. அபுரிமாக், எனே, மந்தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கிஸ்பே பாலோமினோ சகோதரர்களின் பிரிவு குஸ்மானையே துரோகி என்று ஒதுக்கிவிட்டு, கடத்தல்காரர்களுக்குக் காவல் நின்று பிழைத்தது.