கண்ணை நிலத்தில் போடாதீர்கள், தம்பி

கேள்வி: ரீச்சர், எனக்கு 22 வயது. கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு மாங்குளத்தில். மாலை பஸ்ஸில் நடத்துனர் "எங்கே?" என்றதும் 'மா'வில் வாய் ஒட்டிக்கொள்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயந்து, மாங்குளத்துக்கும் அப்பால் உள்ள கனகராயன்குளத்துக்கு டிக்கெட் எடுத்து, கூடக் காசு கொடுத்து, மாங்குளத்தில் இறங்கிவிடுகிறேன். மூன்று வயதிலேயே திக்கினேனாம், மாமாவுக்கும் திக்கும். ஆனால் பிறகு போர்க்காலத்தில் பங்கருக்குள் பதுங்கியிருந்து பயந்ததால்தான் இப்படி என்று அம்மா அழுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, எனக்கும் திக்கும். படிப்பித்து ஓய்வு பெற்ற பின்னும் திக்குகிறது. இடாப்பு வாசிக்கும்போது 'ப'வில் தொடங்கும் பெயர் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். கண் நிலத்துக்குப் போய்விடும். நிமிர்ந்து பார்க்காமலே, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று மனம் முடிவுகட்டிவிடும். அதனால் புதிய வகுப்பில் முதல் நாளே சொல்லத் தொடங்கினேன்: "எனக்குத் திக்கும். நின்றுபோனால் பொறுத்திருங்கள்." சொல்லிவிட்டு, திக்கும்போது முகங்களைப் பார்த்தேன். ஓரிருவர் சிரித்தார்கள், அது வலித்தது. மற்றவர்கள் தங்கள் பெயர் எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அந்த நடத்துனரின் முகத்தை ஒருமுறையாவது பார்த்ததுண்டா?

'ம'வில் உதட்டை இறுக்கி மூச்சைத் தள்ளுவீர்கள்; தள்ளத் தள்ள இன்னும் இறுகும். அடைத்தால் தள்ளுவதை விடுங்கள். உதடுகள் பட்டும் படாமலும் இருக்க, 'ம்ம்' என்று மெல்ல இழுத்து 'மாங்குளம்' என்று முடியுங்கள். திக்காத சொற்களையும் வீட்டில் வேண்டுமென்றே இப்படி இழுத்துப் பழகுங்கள். திக்குவதை ஒளிக்க ஒளிக்கத்தான் பயம் வளர்கிறது. ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்வதும் ஒளிப்பதுதான்.

உங்கள் அம்மாவை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. திக்குவாய் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்குவது. குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். பேச்சை மூளை இயக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பங்கருக்குள் பயப்படாத பிள்ளை யார்? அவர்கள் எல்லோருமா திக்குகிறார்கள்? நீங்கள் அதற்கு முன்பே திக்கியவர். மாமாவையும் நினைவூட்டி இதை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

பேச்சுச் சிகிச்சையையும் விட்டுவிடாதீர்கள். அரச ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பிரிவு வைத்தியரிடம் அதற்கு அனுப்பும்படி கேளுங்கள், கட்டணம் இல்லை. முதல் தடவை தனியே போகத் தயக்கமாக இருந்தால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் காட்டட்டும்.