வீட்டுத் தோட்டப் பூக்கள் பூனைக்கு ஆபத்தா?

ரோஜா, மல்லிகை பற்றிப் பயமில்லை. நிறையத் தின்றால் வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். அரளி, செங்காந்தள், நித்தியகல்யாணி நச்சுச் செடிகள், அதாவது கொஞ்சம் உள்ளே போனாலே உறுப்பைக் கெடுப்பவை. அரளி இதயத்துடிப்பைக் குலைக்கும். பூசைக்குப் பறித்து வளவில் வைக்கும் அரளித் தட்டையும் கவனியுங்கள். இறைச்சி தின்னும் பூனையின் கல்லீரலுக்குச் செடி நஞ்சுகள் பலவற்றை முறிக்கும் திறன் குறைவு.

எல்லாவற்றிலும் மோசம், காரைக்குடிக் கல்யாணப் பூங்கொத்துகளில் வரும் லில்லி. வேட்டியில் மஞ்சள்தூள் ஒட்டுவதுபோல் மகரந்தம் ரோமத்தில் ஒட்டும்; பூனை நக்கும்போது உள்ளே போய்ச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். பூச்சாடித் தண்ணீரும் நஞ்சே. வாந்திக்குக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். 18 மணி நேரம் கடந்தால் பிழைப்பது கடினம். பூவையும் கையோடு கொண்டுபோங்கள்.

பால் கொடுத்தால் விஷம் முறியும் என்பது தவறு; உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது இன்னும் ஆபத்து.