குடும்பத் தொழில் என்றால் ‘அப்படியே’ செய்வதா?

அன்புள்ள சார்,

லெபனானில் போர் நடந்த காலத்திலும் வைன் செய்த குடும்பம் என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். யார் அவர்கள்? தாத்தா செய்ததைப் பேரன் அப்படியே செய்வதுதானே குடும்பத் தொழில், இதில் வியக்க என்ன இருக்கிறது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஹோஷார் குடும்பம்; அவர்களுடைய வைன் ஆலையின் பெயர் ஷாத்தோ முசார். 1930-ல் காஸ்தோன் ஹோஷார் தொடங்கியது. அந்தக் கரையில் வாழ்ந்த பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீசியர் காலத்துப் பாரம்பரியம் என்று லெபனான் வைன்காரர்கள் பெருமை பேசுவார்கள், அதை விடுங்கள். பிரான்சின் போர்தோவில் வைன் செய்யப் படித்த மூத்த மகன் செர்ஜ் 1959-ல் பொறுப்புக்கு வந்தபோது, இனி என் வழியில்தான் செய்வேன், நீங்கள் விலகிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடமே சொல்லிவிட்டார். அப்பாவும் விலகிவிட்டார். கல்லாவை விட்டு எழுந்திருக்காத அப்பாக்களையே பார்த்துப் பழகிய நமக்கு இதுதான் வியப்பு.

அப்புறம் போர். தோட்டங்கள் இருப்பது ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில், பெக்கா பள்ளத்தாக்கில். ஆலையோ மலைத்தொடருக்கு மறுபக்கம், பெய்ரூட்டுக்கு வடக்கே கஸீரில். பெக்கா லெபனானோடு போகுமா, சிரியாவோடு போகுமா என்று காஸ்தோனுக்கு அன்று உறுதியில்லை, அதனால்தான் இப்படி என்பார்கள். 1975-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அந்த மலைப்பாதைதான் வினையானது. பறித்த திராட்சை லாரியில் காத்திருக்காது: அடியில் கிடக்கும் குலைகள் மேல்பாரத்தில் நசுங்கிச் சாறு விடும், தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, வெயிலும் சேர்ந்தால் ஆலைக்கு வருமுன்பே நுரைக்கத் தொடங்கிவிடும். 1984-ல் சண்டையால் பாதை அடைபட்டு, லாரிகள் நாள்கணக்கில் சுற்றி வந்தபோது அதுதான் நடந்தது. 1976-ல் வைனே இல்லை. மற்ற ஆண்டுகளில் எப்படியோ கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முசாரின் சிவப்பு வைன் கேபர்னே சோவிஞோன், சேன்சோ, கரிஞான் என்ற மூன்று திராட்சை வகைகளும் கலந்தது. அறுவடையாகி ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். குண்டு விழுகிற ஊரில் ஏழு வருஷம் கழித்து விற்கப்போகிற சரக்கைப் பீப்பாயில் ஊற்றி வைப்பதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும் சார்! ஓர் ஆண்டின் ருசி அடுத்த ஆண்டில் இருக்காது, காடி வாடை தூக்கல் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. செர்ஜ் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை, வைன் உயிருள்ளது, மாறத்தான் செய்யும் என்பது அவர் கட்சி.

அவர் 2014 கடைசியில் காலமானார். இப்போது நிர்வாகம் காஸ்தோனின் பேரப்பிள்ளைகளிடம், அவர்களில் ஒருவருக்குத் தாத்தாவின் பெயரே. ஆனால் செர்ஜ் இருக்கும்போதே, 1991-லிருந்து, வைன் செய்ய அவரோடு சேர்ந்த தாரிக் சக்ர் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்தவர்.