வீட்டிலேயே கேம்ஷாஃப்ட் மாற்றும்போது ஆயில் பேனைத் தளர்த்தினால் போதுமா?

தொண்டியில் உங்கள் வீட்டில் நிற்கும் பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் ஒரு மேடு (கேம் லோப்) தேய்ந்துபோய்விட்டது. கேம்ஷாஃப்டை நீங்களே மாற்றப் போகிறீர்கள். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனின் முன்பக்கப் போல்ட்டுகளை மட்டும் தளர்த்திச் சற்றே கீழிறக்கினால் போதும் என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. உங்கள் என்ஜினில் ஆயில் பேனை முழுவதுமாகக் கழற்றியே ஆக வேண்டும்.

காணொளியில் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க செவ்ரோலே வி-8 போன்ற சில என்ஜின்களில் முன்புறத்தில் டைமிங் செயினை மூடியிருக்கும் டைமிங் கவரின் அடிவிளிம்பு ஆயில் பேனின் முன்பகுதியின் மேல் உட்கார்ந்திருக்கும். கவரை வெளியே எடுப்பதற்காக அங்கே முன்பக்கப் போல்ட்டுகளைக் கழற்றி, பக்கவாட்டில் உள்ளவற்றைச் சில சுற்றுகள் தளர்த்தி, ஆயில் பேனைக் கொஞ்சம் தாழ்த்துவது வழக்கம். அம்பாசடரில் இருப்பதோ மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-வரிசை என்ஜின். இதில் ஆயில் பேனைத் தொடாமலேயே டைமிங் கவர் வந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஆயில் பம்பைச் சுழற்றும் தண்டு, கேம்ஷாஃப்டிலேயே வெட்டப்பட்டுள்ள பல்லோடு கோத்திருக்கிறது. பம்பையும் அந்தத் தண்டையும் கீழ்வழியாக இறக்கினால்தான் கேம்ஷாஃப்ட் முன்பக்கமாக உருவ வரும். மறுபுறத்தில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் டிரைவ் கியரையும் இதேபோல் வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அந்தக் கியரின் மேல் உள்ள வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் தடுக்காத என்ஜினாகவே இருந்தாலும், தேய்ந்த கேமுக்காக இந்த வேலையைத் தொடங்குகிறவர் ஆயில் பேனைக் கழற்றாமல் விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. லோபிலிருந்தும் அதன்மேல் உட்காரும் டேப்பெட்டின் அடியிலிருந்தும் தேய்ந்த இரும்பு எங்கே போயிருக்கும்? ஆயிலோடு வடிந்து ஆயில் பேனின் அடியில் படிந்திருக்கும். அதில் ஒரு பகுதி பம்பின் வாயில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையைக் கடந்து பம்புக்குள்ளும் போயிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கேம்ஷாஃப்டைப் பூட்டினால், பழைய கேமின் பொடியே பேரிங்குகளையும் புதுக் கேமையும் தின்னத் தொடங்கும். கழற்றியவுடன் அடியில் உள்ள கறுப்புச் சேற்றை விரலில் எடுத்து வெயிலில் தேய்த்துப் பாருங்கள். மைபோல வழுக்கினால் அது வெறும் கரி. நெருநெருவென்று மின்னினால் உலோகம். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி அந்தச் சேற்றில் துழாவினால் இரும்புப் பொடி துணியில் மீசை முளைத்ததுபோல் ஒட்டும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைச் செதில்கள் கிடந்தால் அவை பேரிங் உலோகமாக இருக்கலாம். அப்படியானால் ஒன்றிரண்டு கனெக்டிங் ராடு மூடிகளையும் ஒரு மெயின் பேரிங் மூடியையும் திறந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் தரையைக் கவனியுங்கள். நம் கடற்கரை மண்ணில், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல மெல்லப் புதையும். அகலமான பலகையையோ கடப்பாக் கல்லையோ அடியில் கொடுத்து, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் அணை வைத்து, வண்டியை ஓங்கி உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே செல்லுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் படுக்கக் கூடாது. காற்று வீசும் நாளில் திறந்த என்ஜினுக்குள் மணல் போகும் என்பதால், கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் வெட்டவெளியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. வேறு வழியில்லையென்றால் நான்கு புறமும் தார்ப்பாய் கட்டுங்கள்.

உப்புக்காற்றில் நின்ற வண்டியில் ஆயில் பேன் போல்ட்டுகள் எளிதில் அசையாது. முந்தின நாளே கம்பித் தூரிகையால் துருவைத் தட்டி, துரு இளக்கும் எண்ணெயை ஊற விடுங்கள். இவை கால் அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு நுண்மரை) போல்ட்டுகள், 7/16 அங்குல ஸ்பேனர்தான் பொருந்தும். கைக்குக் கிடைத்த 11 எம்.எம். ஸ்பேனரும் நுழையும், ஆனால் துருவேறிய தலையில் சரியான அளவுள்ள சாக்கெட்டைப் போடுவதே பாதுகாப்பு. இறுகிய போல்ட்டை ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று தளர்த்தி, சற்று இறுக்கி, மறுபடியும் தளர்த்தி என்று முன்னும் பின்னுமாக அசைத்தால் பெரும்பாலும் ஒடியாமல் வந்துவிடும். ஆயிலை என்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். வடித்த ஆயிலை மணலில் ஊற்றாமல் கேனில் சேர்த்துக் கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுங்கள். சில அடி ஆழத்து ஊற்று நீரைக் குடிக்கிற கரை இது. போல்ட்டுகள் வந்த பிறகும் பேக்கிங் பிடித்துக்கொண்டு ஆயில் பேன் இறங்காது. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் தகடு வளைந்து அந்த இடத்தில் காலத்துக்கும் ஒழுகும். மெல்லிய பட்டிக் கத்தியை விளிம்போடு செலுத்தி, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள்.

கழற்றிய ஆயில் பேனை போர்த் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பெரும்பாலும் உப்பு இருக்கிறது, அது தகட்டில் படிந்தால் துரு உள்ளிருந்தும் தொடங்கும். டீசலால் கழுவித் துடைத்தால் போதும். வெளிப்புறத்தில் பெயின்ட் உப்பியிருக்கும் இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். உப்புக்காற்று தகட்டை ஊசி முனையளவுக்குத் துளைத்திருந்தாலும் மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு அதை மறைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை உண்டு: வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓரிரவு வையுங்கள். துளை இருந்தால் காலையில் அந்த வெள்ளைப் பூச்சில் ஒரு கறுத்த ஈரப்பொட்டு தெரியும். எம்சீல் வைத்து அடைப்பதைவிட கேஸ் வெல்டிங் பட்டறையில் பித்தளை ஒட்டு வைப்பது நிலைக்கும். வெல்டிங்குக்கு முன் உள்ளே எண்ணெய் ஆவி இல்லாதபடி கழுவிக் காயவைப்பது கட்டாயம்.

விளிம்பில் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு மேலெழும்பியிருக்கும், முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதன் தடயம் அது. மட்டமான மரக்கட்டையின் மேல் வைத்து மெல்லத் தட்டிச் சமன்செய்யுங்கள். பக்கவாட்டுப் பேக்கிங்குகள் போக, முன்னும் பின்னும் உள்ள மெயின் பேரிங் மூடிகளின் வளைவில் இரண்டு கார்க் பட்டைகள் உட்காரும். இந்த என்ஜினில் ஆயில் பேன் ஒழுகுவது பெரும்பாலும் அந்தப் பட்டைகளும் பக்கப் பேக்கிங்கும் சந்திக்கும் நான்கு மூலைகளில்தான். பட்டையின் நுனிகள் விளிம்பைவிடச் சற்றே தூக்கி நிற்க வேண்டும்; மூலைகளில் மட்டும் சிறு பொட்டாகச் சிலிக்கான் வையுங்கள், அதிகம் வைத்தால் உள்ளே பிதுங்கி உடைந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கிராங்கிலிருந்து ஆயில் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் ஓரிரவு விட்டுவிட்டு, மறுநாள் பெட்ரோல் நனைத்த துணியால் பிளாக்கின் முகத்தைத் துடைத்த கையோடு பூட்டிவிடுங்கள். போல்ட்டுகளுக்கு 6 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும்.

அதற்கு முன், பம்பைப் பூட்டும்போதே அதனுள் ஆயிலை நிரப்பிவிடுங்கள். அழுத்தம் வருவதற்காக ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுழற்றினால் தேய்மானத்தைத் தடுக்கப் பூட்டும்போது புது லோபுகளில் பூச வேண்டிய மாலிப்டினம் பசை வழித்துப்போய்விடும். டேப்பெட்டுகளும் எட்டும் புதிதாகவே இருக்க வேண்டும். பழைய டேப்பெட்டின் அடி பழைய லோபுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், அதைப் புதுக் கேமில் போட்டால் லோப் விரைவிலேயே அழியும். பற்றவைத்த உடனே ஐடிலில் விடாமல் 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை ஏற்றி இறக்கி, 20 நிமிடங்களாவது ஓட்டுங்கள். ஐடிலில் கிராங்க் லோபுகளின் மேல் வீசும் ஆயில் குறைவு. புதுக் கேம் அழிவது பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். என்ஜின் ஆறியதும் கார்க் அமுங்கியிருக்கும், ஆயில் பேன் போல்ட்டுகளை அதே அளவுக்கு மறுபடியும் ஒருமுறை இறுக்கி, சில நாட்களுக்கு இரவில் வண்டிக்கடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். ஒழுகினால் எந்த மூலை என்பதை அதில் விழுந்த சொட்டின் இடமே காட்டிவிடும்.