நீரிழிவு உள்ளவர்கள் பயறு, பட்டாணி வகைகளை உண்ணலாமா?

மாவுச்சத்து மிகுந்த பயறு, பட்டாணி வகைகள் நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றவையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்றவையே, ஆனால் அளவு முக்கியம். ராஜ்மா, கொண்டைக்கடலை, உலர்பட்டாணி போன்றவற்றின் மாவுச்சத்து எளிதில் சிதையாத செல் சுவர்களுக்குள் அடைபட்டிருப்பதாலும், அவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் கூழ்போலாகிச் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதாலும், குளுக்கோஸ் இரத்தத்தில் மெதுவாகவே கலக்கிறது. வெள்ளை ரொட்டியின் கிளைசெமிக் குறியீடு (ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக உயர்த்துகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 75 என்றால், கொண்டைக்கடலைக்கு அது 30-ஐ ஒட்டியே அமைகிறது. என்றாலும், வேகவைத்த அரைக் கோப்பையில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருப்பதால், அதைத் தானிய உணவுக்குக் கூடுதலாக அன்றி, அதன் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். டப்பாவில் அடைத்தவற்றை உப்பு குறையும்படி நீரில் அலசிக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர்கள், இவற்றிலுள்ள பொட்டாசியத்தைக் கருதி, தங்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.