மரத்தில் தானாக வடிகிற நீர்தானே, மேப்பிள் சிரப் ஏன் இவ்வளவு விலை?

வடிவது என்னவோ தானாகத்தான். ஆனால் மேப்பிள் மரத்தில் வடிவது சிரப் என்கிற பாகு இல்லை, கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அதில் சர்க்கரை 2 சதவீதம் இருந்தாலே நல்ல மரம் என்பார்கள். ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் தேறும். மீதி 39 லிட்டரை ஆவியாக்கி விரட்டத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் அதே அலமாரியில் பாதி விலைக்கு இன்னொரு பாட்டில் இருந்தது, என்ன வித்தியாசம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இருப்பது கனடாவின் ஒட்டாவாவில். கூட வேலை பார்க்கும் நண்பரின் அப்பா அம்மாவுக்கு, அங்கிருந்து மேற்கே லானார்க் கவுன்டியில் பண்ணை. ஒன்டாரியோ மாகாணத்தின் மேப்பிள் தலைநகரம் என்று அந்த வட்டாரம் தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும். மாடுகள், தீவனப்புல் வயல், பின்னால் ஒரு மேப்பிள் காடு. காடு என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றும். அவர்கள் 'சுகர் புஷ்' என்பார்கள். மார்ச் மாதம் அவர்களுக்கு ஆள் பற்றாது. வார இறுதியில் போய்க் கூடமாட ஒத்தாசையாக இருப்பேன். கூலி சிரப்பாகவே வந்துவிடும்.

வேலை பிப்ரவரிக் கடைசியில் தொடங்கும். முழங்கால் வரை பனி. மரத்தின் அடிமரம் குறைந்தது 25 சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தால்தான் துளை போடலாம். அந்தப் பருமனுக்கு வர ஒரு மேப்பிளுக்கு 40 ஆண்டு ஆகும். ஆக, நட்டவன் அநேகமாகக் காய்ச்சியிருக்க மாட்டான். 8 மில்லிமீட்டர் துரப்பணத்தால் 4, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, லேசாக மேல்நோக்கிச் சாய்த்துத் துளைக்க வேண்டும்; அப்போதுதான் நீர் தேங்காமல் வெளியே வழியும். துளையிலிருந்து வரும் மரத்தூளைப் பெரியவர், அதாவது நண்பரின் அப்பா, உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பார். வெளுத்த தூள் என்றால் உயிருள்ள மரம். பழுப்பாக வந்தால் பழைய துளையின் காயத்தில் கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த இடத்தில் சொட்டுக்கூட வராது. வாய் மூடிக்கொண்டாலும் துளையின் பின்னால் இருக்கும் கட்டை திரும்ப நீர் கடத்தாது. அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் பக்கவாட்டில் தள்ளி, கொஞ்சம் மேலேயோ கீழேயோ புதிதாகப் போடுகிறார்கள். பிறகு 'ஸ்பைல்' என்கிற சின்னக் குழாயைச் செருகிச் சுத்தியலால் தட்டுவார்கள். முதல் இரண்டு தட்டுக்கு 'டிக் டிக்' என்று கேட்கும். சத்தம் கனத்து மாறியதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு தட்டு கூடிப்போனால் மரம் விரிசல் விட்டு, நீர் பக்கெட்டுக்குப் போகாமல் பட்டையில் வழியும்.

இனி வானிலையின் தயவு. இரவு உறைநிலைக்குக் கீழே நாலைந்து டிகிரி இறங்க வேண்டும், பகலில் மேலே நாலைந்து டிகிரி ஏற வேண்டும். இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் நீர் ஓடும். வசந்தம் வந்ததும் வேரிலிருந்து நீர் ஏறுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள், விஷயம் அதைவிடச் சுவாரசியமானது. பெரும்பாலான மரங்களின் கட்டைக்குள் இருக்கும் நார்ச்செல்களில் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளில் அவற்றில் காற்று இருக்கிறது. இரவில் நீர் உறையும்போது அந்தக் காற்று சுருங்கிப் பனிக்குள் அடைபடுகிறது, மரம் கீழிருந்து இன்னும் நீரை இழுத்துக்கொள்கிறது. பகலில் பனி இளகியதும் காற்று விரிந்து நீரைத் தள்ளுகிறது. நாம் போட்ட துளை அதற்கு ஒரு வாசல், அவ்வளவுதான். இனிப்பு வருவது போன கோடையில் இலைகள் சமைத்துக் கட்டையில் மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்ததிலிருந்து. இரவும் சூடாகிவிட்டால் ஓட்டம் நின்றுபோகும். பகலும் உறைந்தே கிடந்தாலும் அதே கதைதான். சில ஆண்டுகள் ஆறு வாரம் கிடைக்கும், சில ஆண்டுகள் மூன்று வாரத்தில் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பக்கெட் மாட்டிய ஒரு துளை, ஒரு பருவம் முழுக்கச் சொட்டினால் சுமார் 40 லிட்டர் தரும். அதாவது கடையில் நீங்கள் பார்க்கும் 1 லிட்டர் சிரப், ஒரு துளையின் அந்த ஆண்டுச் சம்பாத்தியம் மொத்தமும். விலையைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது பெரும்பாலான இடங்களில் பக்கெட் இல்லை. மரத்துக்கு மரம் நீல நிற பிளாஸ்டிக் குழாய் இழுத்து, வாக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சுகிறார்கள். துளைக்குக் கிடைக்கும் நீரும் கூடுதல். நண்பரின் வீட்டில் வீட்டருகே உள்ள மரங்களுக்கு மட்டும் தகரப் பக்கெட்டை விட்டுவைத்திருக்கிறார்கள். குழாய் என்றால் கஷ்டமில்லை என்று நினைக்க வேண்டாம். அணில் கடித்துவிடும். கிளை முறிந்து விழும். எங்கே காற்று கசிகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு பனியில் நடக்க வேண்டும். எனக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் அதுதான்.

சேர்ந்த நீரை வைத்திருக்க முடியாது. வெயில் ஏறினால் ஓரிரு நாளில் கெட்டுப்போகும். அதனால் நீர் ஓடிய அன்றே அடுப்பு எரியும், இரவு எத்தனை மணியானாலும் சரி.

காய்ச்சும் இடம் காட்டோரத்தில் ஒரு மரக் கொட்டகை. கூரை உச்சியில் திறந்து மூடும் கதவு, ஆவி வெளியேற. உள்ளே 3 அடி அகலம், 10 அடி நீளத்தில் நீரை ஆவியாக்கும் எவாபரேட்டர். அடியில் விறகு அடுப்பு, மேலே துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகள். பின்தட்டின் அடிப்பாகம் ஆழமான மடிப்பு மடிப்பாக இருக்கும், தீ படும் பரப்பைக் கூட்டுவதற்காக. முன்தட்டில் தடுப்புகள். நீர் ஒரு மூலையில் நுழைந்து, தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி வந்து, அடர்த்தியாகிக்கொண்டே கடைசி மூலைக்கு வரும். எட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விறகு தள்ள வேண்டும். தட்டில் நீர் ஓர் அங்குலத்துக்குக் கீழே போனால் அடிபிடித்து, தட்டே பாழ். நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போடுவார்கள். பொங்கியது அப்படியே அடங்கிவிடும். ஒருவர் எப்போதும் தட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே அந்த ஆள் நண்பரின் அம்மாதான். பெரியவர் விறகோடு சரி.

தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு 4 டிகிரி மேலே, அதாவது சுமார் 104 டிகிரியில், சிரப் ஆகிவிடும். சர்க்கரை அப்போது 66 சதவீதம். குறைந்தால் புளிக்கும், கூடினால் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்றழுத்தம் மாறினால் தண்ணீரின் கொதிநிலையும் மாறும். அதனால் அன்றன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து தெர்மாமீட்டரைச் சரிபார்க்கிறார்கள். ஆனாலும் அந்த அம்மா நம்புவது அகலக் கரண்டியை. பாகில் முக்கித் தூக்குவார். முதலில் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். பதம் நெருங்க நெருங்க இரண்டு சொட்டு ஒன்று சேரும், பிறகு விளிம்பு முழுக்க ஒரே திரையாகத் தொங்கி நின்று, மெதுவாக அறுந்து விழும். அந்த நொடி வால்வைத் திறந்துவிடுவார். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் பிறகு சொல்வதும் அநேகமாக அதையேதான்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். பனையேறிகளின் ஓலைக் குடிசையான விடிலியில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான். ஆனால் பதநீரில் சர்க்கரை பத்துப் பன்னிரண்டு சதவீதம் இருக்கும், வெயில் காலத்தில் இறக்குவதால் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். இங்கே குளிரே அந்தக் காவலைப் பார்த்துக்கொள்கிறது. விறகுச் செலவுதான் ஐந்தாறு மடங்கு. பழைய அடுப்பில் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளத்துக்கு அடுக்கிய விறகு எரிந்தால் 90, 100 லிட்டர் சிரப் கிடைக்கும் என்பது இங்கே கணக்கு. அதை வெட்டி, பிளந்து, காய வைப்பது முந்தைய ஆண்டின் வேலை.

இதனால்தான் இப்போது பலர் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் அதே சவ்வுத் தொழில்நுட்பம்தான். நாம் வடிகட்டிய நீரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுகிறோம், இவர்கள் மிச்சத்தை வைத்துக்கொண்டு நீரை விட்டுவிடுகிறார்கள். 2 சதவீதத்தை 8 ஆக்கிவிட்டால் முக்கால் பங்கு தண்ணீர் அடுப்புக்குப் போகாமலேயே தொலைந்தது. நண்பர் சின்னதாக ஒன்று வாங்கி வைத்தார். ருசி குறையும் என்பது பெரியவர் கட்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது, அவர் முன்னால் சொல்லவில்லை.

பாகை வடிகட்டும்போது மணல் போல ஒரு கசடு நிற்கும். மரத்திலிருந்து வரும் தாது உப்புதான், கெடுதல் இல்லை, ஆனால் பல்லில் நறநறக்கும். வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் பாட்டிலில் ஊற்றி மூடிவிட வேண்டும்.

நிறத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள்: கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க். கறுத்தது மட்டம் என்று அர்த்தமில்லை. பருவத் தொடக்கத்தில் வெளிர்நிறம் வரும். நாள் ஆக ஆகச் சூடு ஏறி, நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, சுக்ரோஸ் என்கிற சர்க்கரையை உடைத்து விடும்; உடைந்த சர்க்கரை காய்ச்சும்போது சீக்கிரம் கறுக்கும், ருசியும் கனக்கும். சமையலுக்கு டார்க்தான் என் தேர்வு. ஏப்ரலில் மொட்டு விரியத் தொடங்கியதும் நீரில் ஒரு வேண்டாத வாடை வந்துவிடும். தவளைச் சத்தம் கேட்டால் பக்கெட்டைக் கழற்று என்பார் பெரியவர்.

இந்த வித்தை ஐரோப்பியர் கொண்டுவந்தது இல்லை. அல்கோன்கின், அனிஷினாபே, ஹோடனோஷோனி என்கிற பூர்வகுடி மக்கள் அவர்களுக்கு முன்பே பிர்ச் மரப்பட்டைக் கலங்களில் இந்த நீரைச் சேகரித்துக் காய்ச்சினார்கள். வந்தவர்கள் கொண்டுவந்தது இரும்புக் கொப்பரை. பண்ணை இருக்கும் லானார்க்கே அல்கோன்கின் மக்களின் மண்தான்.

விலைக்கு இன்னொரு காரணம், முதல் போட்டு 40 ஆண்டு காத்திருந்தும் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போகலாம். 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் உறைமழை கொட்டியது. கிளைகளில் பனி கட்டி, பாரம் தாங்காமல் மேப்பிள்களின் தலையே முறிந்து விழுந்தது. பண்ணையில் அப்போது தலை இழந்த மரங்களில் சில இன்றும் ஒரு பக்கமாகத்தான் வளர்கின்றன. கனமழை, வறட்சி என்று நம் ஊர் விவசாயி படுகிற பாடுதான், பெயர் மட்டும் வேறு.

உலக உற்பத்தியில் சுமார் 70 சதவீதம் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு யார் எவ்வளவு விற்கலாம் என்று ஒதுக்கீடு வைத்து, மிஞ்சியதைப் பீப்பாய்களில் சேமிப்புக் கிடங்கில் அடைத்து விலையைச் சரியாமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கிடங்கு ஒன்றிலிருந்து 2011, 2012இல் சுமார் 3,000 டன் சிரப் திருடு போனது, மதிப்பு 1.8 கோடி டாலருக்கு மேல். சிரப்பை எடுத்துவிட்டுச் சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். தண்ணீரை விரட்ட இவ்வளவு பாடுபடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

சரி, அந்தப் பாதி விலை பாட்டில். 'பேன்கேக் சிரப்', 'டேபிள் சிரப்' என்று எழுதியிருக்கும். அது மக்காச்சோளப் பாகு, நிறம், மணம். இதில் நமக்கு ஒரு வேடிக்கை: போலி மேப்பிள் வாசனைக்கு வெந்தயச் சாற்றையும் பயன்படுத்துகிறார்கள். வெந்தயத்தில் இருக்கும் சோட்டோலோன் என்கிற வேதிப்பொருளுக்கு அப்படியே மேப்பிள் மணம். 2005 முதல் நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது மேப்பிள் வாசனை வீசி மக்கள் பயந்து புகார் செய்தார்கள். 2009இல் துப்புத் துலக்கிப் பார்த்தால், நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் நாலு வருடம் மிச்சமாகியிருக்கும்.

வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் மேப்பிள் சிரப் என்ற ஒன்று மட்டும்தான் இருக்க வேண்டும். கார்ன் சிரப், ஃபிளேவர் என்று இன்னொரு சொல் இருந்தால் வைத்துவிடுங்கள். மூடி திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியே விட்டால் மேலே பூஞ்சை படரும். பெரிய பாட்டில் வாங்கினால் ஃப்ரீசரிலேயே வைக்கலாம். கல்லாக உறையாது, கெட்டியாகும், அவ்வளவுதான்.