ஈயத் தோட்டாவும் குழலில் படியும் ஈயமும்: கேள்வி பதில்

முத்தியால்பேட்டை வாசகர்: ஐயா, உரிமம் பெற்ற என் .32 ரிவால்வரின் குழலில் ஈயம் பட்டையாகப் படிகிறது. இன்னும் கடினமான ஈயத் தோட்டா வாங்கினால் தீருமா?

பதில்: தீராது என்பதோடு, படிவு கூடவும் வாய்ப்புண்டு. உலோகத்தின் கடினத்தைக் காட்டும் அளவான பிரினெல் எண், தூய ஈயத்துக்கு ஏறத்தாழ 5. நூற்றுக்கு 5 பங்கு வெள்ளீயமும் 5 பங்கு ஆண்டிமனியும் கலந்தால் 15. பழைய அச்சகங்களின் லினோடைப் உலோகத்தில் 22. எண் பெரிதானால் தோட்டா உயர்ந்தது என்று கடைக்காரர்களே சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. வெடிவாயு பின்னாலிருந்து அழுத்தும்போது மென்மையான ஈயம் சற்றே பருத்து, குழலின் வரிப்பள்ளங்களை (தோட்டாவைச் சுழலவைக்க உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களை) அடைத்துக்கொள்கிறது. .32 லாங் போன்ற அழுத்தம் குறைந்த தோட்டா வகைகளில் கடின ஈயம் அவ்வாறு பருப்பதில்லை. தோட்டாவின் அளவும் சிறிது குறைந்திருந்தால், அந்த இடுக்கு வழியே பீறிடும் சூடான வாயு ஈயத்தை அரித்துக் குழலில் பூசிவிடுகிறது.

கடலூர் முதுநகர் வாசகர்: அப்படியானால் எதைக் கவனித்து வாங்குவது?

பதில்: விட்டத்தை. வரிப்பள்ளத்தின் விட்டத்தைவிடத் தோட்டா ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது பெரிதாக இருக்க வேண்டும்; .38 ஸ்பெஷல் வகையில் பள்ளம் 0.357 அங்குலம் என்றால் தோட்டா 0.358. ரிவால்வரில் இன்னொரு சிக்கலும் உண்டு: தோட்டாக்களை இடும் சுழலும் உருளையின் வாய்கள் குழலைவிடக் குறுகியிருந்தால், சரியான தோட்டாவும் குழலை அடையுமுன்பே இளைத்துவிடும். உருளையைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அளந்து பாருங்கள்.

லாசுப்பேட்டை வாசகர்: படிவு இருக்கும் இடத்தை வைத்துக் காரணம் சொல்லலாமா?

பதில்: ஓரளவு சொல்லலாம். குழலின் தொடக்கத்தில் படிந்தால் பெரும்பாலும் அளவுக் குறை. முனையில் மட்டும் படிந்தால் தோட்டாவில் பூசிய மசகு (வழுக்குப் பொருள்) பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

தேவனாம்பட்டினம் வாசகர்: கடற்காற்றுக்கும் இதற்கும் தொடர்புண்டா?

பதில்: மறைமுகமாக உண்டு. உப்புக் காற்றால் குழலின் உட்புறம் துருப்பிடித்துக் குழிந்தால், அந்தச் சொரசொரப்பு ஈயத்தைச் சுரண்டிப் பிடித்துக்கொள்ளும். சுட்ட அன்றே துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுங்கள். ஈரத்தை உறிஞ்சும் தோலுறையில் நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் கரையும் என்கிறார்களே?

பதில்: கரையும். ஆனால் கரைந்து உருவாவது ஈய அசிட்டேட் என்னும் நஞ்சு; அக்கலவை எஃகையும் அரிக்கும். வெண்கலத் தூரிகையில் செம்புக் கம்பி நாரைச் சுற்றித் தேய்த்தாலே படிவு உரிந்து வரும். தேய்த்த துணியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் அகற்றிவிட்டு, உணவைத் தொடுமுன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.